ஃபுகுதா கிராமச் சம்பவம்: தமிழ் வசன வரிகளில் யாரை என்னவென்று எழுதுவது?

#1 படச்சுருள்

அடுத்த மாதத் திரையிடலுக்கு மோரி தட்சுயாவின் 'ஃபுகுதா கிராமச் சம்பவம்' எடுத்திருக்கிறோம். வெளிநாடுகளுக்கு 'செப்டம்பர் 1923' என்ற பெயரில் போன படம். 1923-இல் தோக்கியோ வட்டாரத்தைக் குலுக்கிய கந்தோ நிலநடுக்கத்தின் நூறாம் ஆண்டு நாளான 2023 செப்டம்பர் 1 அன்று ஜப்பானில் வெளியானது, 137 நிமிடம், அந்த ஆண்டே பூசான் திரைப்பட விழாவில் நியூ கரண்ட்ஸ் விருது வாங்கியது. அனுமதி வந்துவிட்டது, தமிழ் வசன வரிகள் மட்டும் பாக்கி.

படம் தெரியாதவர்களுக்கு: நிலநடுக்கம் நடந்து ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 6, சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தில் (இன்றைக்கு நோதா நகரத்துக்குள் இருக்கிறது) தோனே ஆற்றுப் படகுத்துறைக்கு 15 பேர் கொண்ட மருந்து வியாபாரக் கூட்டம் ஒன்று வந்தது. ஷிகொகு தீவின் ககாவாவிலிருந்து வந்தவர்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கிறது, இவர்கள் கொரியர்கள்தான் என்று முடிவு கட்டி, அந்த ஊர்க்காரர்களும் பக்கத்துத் தனாகா கிராமத்துக்காரர்களும் சேர்ந்து ஒன்பது பேரைக் கொன்றார்கள். செத்தவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உண்டு. வந்தவர்கள் கொரியர்கள் இல்லை. புராக்குமின் என்று ஒதுக்கப்பட்ட ஜப்பானியர்கள்.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறோம். 'புராக்குமின்' என்பதைத் 'தலித்' என்று எழுதிவிடலாமா? வட்டார வழக்குதான் கதையின் அச்சாணி, அதைத் தமிழில் எப்படிக் காட்டுவது? மூன்றாவது, படத்தைப் பற்றியே. ஆயிரக்கணக்கில் கொரியர்கள் கொல்லப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, 'தவறுதலாக' மாட்டிய ஜப்பானியர் ஒன்பது பேரை நடுவில் வைத்தால் அது கொரியரை மறைப்பதாகாதா? திரையிடல் முடிந்ததும் முதல் கேள்வி இதுதான் வரும்.

#2 ஆற்றங்கரை

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

வரிசையாகப் பாருங்கள். செப்டம்பர் 1, காலை 11:58. மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், அதனால்தான் தீ அவ்வளவு பரவியது. இறந்தவர்கள் சுமார் 1,05,000 பேர். கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி அன்றைக்கே கிளம்பிவிட்டது. 2-ஆம் தேதி இராணுவச் சட்டம். 3-ஆம் தேதி காலை உள்துறை அமைச்சகத்தின் போலீஸ் தலைமையிலிருந்து, ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையம் வழியாக, கொரியர்கள் தீ வைப்பதாகவே மாகாண ஆளுநர்களுக்குத் தந்தி போனது. அதாவது வதந்திக்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது. ஊர் ஊராக ஜிகெய்தான், நம் பேச்சில் ஊர்க்காவல் கும்பல், மூங்கில் ஈட்டியோடு தெருமுனையில் நின்றது. முன்னாள் சிப்பாய்கள், தீயணைப்புக் குழு, இளைஞர் மன்றம் எல்லோரும் அதில் இருந்தார்கள். தீயணைப்பாளர்கள் கையில் தோபிகுச்சி என்ற கருவி இருக்கும். 'பருந்து வாய்' என்று அர்த்தம். நீளக் கம்பின் முனையில் வளைந்த இரும்பு அலகு, எரியும் வீட்டின் மரச்சட்டத்தை இழுத்துச் சாய்ப்பதற்கு. படத்தில் அது எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்று பார்க்கும்போது 'கோடரி', 'கம்பு' என்று வசன வரியில் பொதுவாக எழுதிவிடாதீர்கள். கடப்பாரை என்றும் வேண்டாம். 'தீக்கொக்கி' போதும்.

கொல்லப்பட்ட கொரியர் எத்தனை பேர் என்பதே இன்றுவரை தீராத சண்டை. அன்றைய நீதித்துறைக் கணக்கு 200 சொச்சம். ஷாங்காயிலிருந்து வந்த கொரிய விடுதலை இயக்கப் பத்திரிகை 6,661 என்றது. 2023 ஆகஸ்டு இறுதியில்கூட அமைச்சரவைத் தலைமைச் செயலாளர், அரசிடம் உறுதிப்படுத்தக்கூடிய பதிவு எதுவும் இல்லை என்றார். தோக்கியோ ஆளுநர் 2017 முதல் கொரியர் நினைவு நிகழ்ச்சிக்கு இரங்கல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார். இப்படிப்பட்ட ஊரில், ஓரளவு பணத்தைப் பொதுமக்களிடம் திரட்டி எடுத்த படம் இது.

ஃபுகுதாவை மோரி தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே வழக்கு நடந்தது, தண்டனை கொடுக்கப்பட்டது, இடம் தெரியும், எண்ணிக்கை தெரியும். 'நடக்கவே இல்லை' என்று யாரும் சொல்ல முடியாத நிகழ்வு. அதன் வழியாக, மறுக்கப்படும் பெரிய நிகழ்வுக்குள் பார்வையாளரைக் கூட்டிப்போகிறார். மறைத்தல் என்று இதைச் சொல்ல மாட்டேன். பக்கவாசல் வழி.

#3 கரிசல்

பக்கவாசல் சரி, ஆனால் அந்த வாசலுக்கும் விலை இருக்கிறது ஐயா. ஜப்பானியப் பார்வையாளன் 'ஐயோ, நம்மவர்களையே கொன்றுவிட்டோமே' என்று அழுதுவிட்டு வெளியே வரலாம். அவன் அழுதது கொரியருக்காக இல்லை. இந்தப் படத்தின் ஆபத்து அதுதான். மோரிக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஒரே ஒரு வசனம்.

கும்பல் சுற்றி நிற்கிறது. இவர்கள் ஜப்பானியர்தானா, வியாபார உரிமச் சீட்டு உண்மையா போலியா என்று தர்க்கம் நடக்கிறது. ஜப்பானியராக இருந்தால் என்ன ஆகும் என்று ஊரில் ஒருத்தர் தயங்குகிறார். அப்போது வியாபாரிகளின் தலைவன் நுமாபே (நகயாமா எய்தா) கேட்கிறான்: கொரியர் என்றால் கொல்லலாமா? அதுவரை எல்லோரும், பார்வையாளர்களான நாமும், 'இவர்கள் கொரியர் இல்லை என்று எப்படியாவது நிரூபணமாகிவிடாதா' என்று பதைத்துக்கொண்டிருப்போம். அந்தப் பதைப்பே தப்பு என்று ஒரு வரியில் முகத்தில் அறைகிறான்.

எனவே படச்சுருள் கேட்ட 'தவறுதலாக' என்ற சொல்லை அறிமுக உரையிலிருந்தும் துண்டறிக்கையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். 'தவறுதலாகக் கொல்லப்பட்டார்கள்' என்றால் சரியாகக் கொல்லப்பட வேண்டியவர்கள் வேறு யாரோ என்றாகிவிடும். 'கொரியர் என்று சொல்லிக் கொன்றார்கள்' என்று எழுதுங்கள். போதும்.

#4 இடையினம்

வழக்கு பற்றிய கேள்விக்கு. முதலில் ஒலியைப் புரிந்துகொண்டால்தான் வசன வரியில் எங்கே கை வைக்கலாம் என்று தெரியும்.

வழியில் மறித்தவர்களை ஜிகெய்தான் சொல்லச் சொன்ன பிரபலமான சொற்றொடர் '15 யென் 50 சென்'. ஜப்பானிய மொழியில் 'ஜூகோ எங் கோஜிஸ்ஸென்'. இப்போது வேடிக்கையைக் கவனியுங்கள். நான் தமிழில் 'கோஜிஸ்ஸென்' என்று எழுதியதை நீங்கள் 'கோவில்' என்பதில் வரும் வல்லொலியோடுதான் படித்திருப்பீர்கள். ஜப்பானியர் சொல்வது 'கோபால்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது வரும் மெல்லிய ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. நம் எழுத்தால் இதைக் காட்டவே முடியாது.

கொரிய மொழியும் ஏறக்குறைய தமிழ் மாதிரிதான். சொல்லின் முதலில் அதிர்வொலி (g, j, d, b மாதிரி தொண்டை அதிரும் ஒலி) வராது. உயிர்களுக்கு நடுவே தானாக அதிர்வொலியாகிவிடும். 'கடல்' என்பதில் க வல்லொலி, 'அகல்' என்பதில் அதே க மெலிந்துவிடுகிறது இல்லையா, அதே விதி. அதனால் கொரியரின் வாயில் முதல் 'ஜூ' 'ச்சூ' ஆகும், இரண்டாவது 'கோ', அதாவது 'கோஜிஸ்ஸென்' தொடங்கும் இடம், வல்லொலி ஆகும். பொறி வைத்த இடம் சொல் முதல். ஒரு சராசரித் தமிழரை அந்தத் தெருமுனையில் நிறுத்தியிருந்தால் அவரும் தோற்றிருப்பார்.

ககாவா வியாபாரிகள் இதில் தோற்கவில்லை, கவனிக்க வேண்டும். அவர்கள் தாய்மொழி ஜப்பானியம்தான், ஆனால் சனுகி வழக்கு. ஏற்ற இறக்கம் கியோத்தோ, ஒசாகா பக்கத்தைப் போல மேற்குப் பாணி. 'எப்படி இருக்கே' என்பதற்கு 'நங்கா தெக்கியொன்ன' என்பார்கள். சிபாக்காரர் காதில் இது அன்னிய மொழி மாதிரியே விழும். சிபாக்காரர் வாக்கிய முடிவில் 'தப்பே' போடுகிறவர்கள். வானொலி ஒலிபரப்பே ஜப்பானில் 1925-இல்தான் தொடங்கியது. நாட்டின் மறுகோடிப் பேச்சைக் காதால் கேட்டிருக்க வழியே இல்லை.

#5 வல்வை வாசி

இடையினம் எழுதினதை வாசிக்கேக்க வேறொரு சொல் ஞாபகம் வருது. 'பால்திய'. சிங்களத்தில வாளி. 83 ஜூலையில பஸ்ஸுகளை மறிச்சு இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னவங்கள். சொல் முதலில வாற அந்த அதிர்வொலி ப-வைச் சரியாச் சொல்லத் தெரியாதவை தமிழர் எண்டு முடிவு. அங்கை 'கோ', இங்கை 'ப'. ரெண்டுமே சொல் முதல் அதிர்வொலி. ஒலியியல் ஒண்டுதான், கத்தியும் ஒண்டுதான்.

திரையிடலில ஈழத் தமிழர் இருந்தால் உந்தக் காட்சிக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் வசன வரியில 'பால்திய' எண்டு மாத்திப் போடலாம் எண்டு ஆராவது யோசனை சொன்னால் தயவு செய்து கேக்காதைங்கோ. அது 1923, அது சிபா. எங்கடை செத்தவையைக் கொண்டுபோய் அவையின்ரை செத்தவைக்கு மேலை அடுக்கக் கூடாது.

#6 படச்சுருள்

நன்றி. ஒரு உறுப்பினர் உண்மையிலேயே அப்படி ஒரு யோசனை வைத்திருந்தார், சொல்லிவிடுகிறேன். இன்னொன்றும் வந்தது: கிராமத்தாருக்குக் கொங்குத் தமிழ், வியாபாரிகளுக்கு நாகர்கோவில் தமிழ். இது எப்படி?

#7 இடையினம்

வேண்டவே வேண்டாம். முதல் பத்து நிமிடம் அரங்கில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாகர்கோவில் தமிழ் கேட்டதும் பார்ப்பவர் மனத்தில் குமரி மாவட்டம் வந்து உட்காரும், அதோடு ஏற்கெனவே அந்த வழக்குக்குச் சினிமாவில் உண்டான வேடங்களும் வரும். சனுகிக்கு நிகராக ஒரு ஊர் தமிழகத்தில் இல்லை. இருக்கவும் தேவையில்லை.

செய்யக்கூடியது இது. கிராமத்தார் பேசுவதைப் பொதுவான பேச்சுத் தமிழில் எழுதுங்கள்: 'வந்துட்டான்', 'என்ன பண்றாங்க'. வியாபாரிகளுக்கும் பேச்சுத் தமிழ்தான், ஆனால் ஓரிரு இடத்தில் மட்டும் வேறு முடிவு. எல்லா வரியிலும் வேண்டாம். கிராமத்தார் அதைக் கவனிக்கிற காட்சிகளில், அதாவது பேச்சைக் கேட்டு முகம் மாறுகிற இடங்களில் மட்டும், சனுகிச் சொல்லையே தமிழ் எழுத்தில் சாய்வெழுத்தாகப் போட்டு அடுத்த வரியில் பொருளைக் கொடுங்கள். பார்வையாளர் கிராமத்தானின் காதோடு ஒரு கணம் கேட்க வேண்டும். மற்ற நேரத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அவர்கள் பேச்சு அவர்களுக்கு இயல்பானது, நமக்கும் இயல்பாகவே தெரிய வேண்டும். அப்போது அன்னியத்தன்மை அவர்களிடம் இல்லை, கேட்கிறவன் காதில் இருக்கிறது என்று புரியும்.

நுமாபேயின் அந்தக் கேள்வி மூலத்தில் மேற்கு வழக்கில்தான் இருக்கிறது: 'கொரொஷிதெமோ ஏங்கா'. தோக்கியோக்காரன் 'ஈ' என்பான், இவன் 'ஏ' என்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்த அதே நாக்கால் கேட்கிறான். 'கொரியராக இருந்தால் கொலை செய்வது சரியா?' என்றெல்லாம் எழுதினால் தாசில்தார் மனு மாதிரி ஆகிவிடும். 'கொரியன்னா கொல்லலாமா?' இரண்டே சொல், போதும்.

#8 மூன்றாம் வரிசை

எல்லோரும் இனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண்களைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே.

நிலநடுக்கம் வருவதற்கே ஏறக்குறைய பாதிப் படம் போய்விடுகிறது. அந்தப் பாதியில் கிராமத்துப் பெண்களுக்கு என்ன வேலை? பெரும்பாலும் படுக்கை. கொரியாவிலிருந்து திரும்பிய ஆசிரியர் சவாதாவின் மனைவி ஷிசுகோவுக்குப் படகோட்டியோடு உறவு. போரில் கணவனை இழந்த சகியேவுக்கும் அதே படகோட்டி. இன்னொரு வீட்டில் மாமனார் மருமகள் விவகாரம். மூடிய ஊரின் அழுத்தத்தைக் காட்டத்தான் இது என்று காரணம் சொல்லலாம். மூன்று வீட்டுக்கும் அழுத்தம் ஒரே வழியாகவா வெளியேறும்? திரைக்கதையில் மூன்று பேர், மூன்று பேருமே ஆண்கள். அது தெரிகிறது.

ஆனால் இரண்டு இடத்தில் படம் பெண்களை வைத்துத் துணிச்சலாகவே ஒன்றைச் செய்கிறது. ஒன்று, முதல் அடி. அடிப்பது மீசை வைத்த முன்னாள் சிப்பாய் இல்லை. முதுகில் குழந்தையைக் கட்டிய ஒரு இளம் தாய். தோக்கியோவுக்கு வேலைக்குப் போன கணவனைக் கொரியர்கள் கொன்றிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவள். வெறுப்பு ஆண்களுக்கு மட்டும் சொந்தம் என்கிற சௌகரியமான எண்ணத்தை உடைக்கிற காட்சி. வசன வரி எழுதும்போது அங்கே ஒன்றும் எழுதாதீர்கள். முனகல், அலறலுக்கெல்லாம் 'ஆ!' என்று போடும் பழக்கம் சிலருக்கு உண்டு.

இரண்டாவது ஷிசுகோ. கணவன் சவாதா 1919 ஏப்ரல் 15 அன்று கொரியாவின் ஜெயாம்ரி தேவாலயப் படுகொலையைக் கண்ணால் பார்த்தவன். மார்ச் 1 விடுதலை இயக்கத்துக்குப் பழி தீர்க்க, ஊர்க்காரரை உள்ளே வைத்துத் தேவாலயத்துக்குத் தீ வைத்தது ஜப்பானிய இராணுவம். அன்றும் சும்மா இருந்தவன் இன்றும் சும்மா நிற்கும்போது, திரும்பவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கப் போகிறாயா என்று கேட்பவள் அவள். படத்தின் நடுநிலையாளர்கள் எல்லோரையும் அவள் ஒருத்தி குத்திவிடுகிறாள்: ஜனநாயகம் பேசும் ஊர்த்தலைவர், கொள்கை பேசும் ஆசிரியர், எல்லோரையும்.

பெண் நிருபர் பாத்திரம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. 2023-இன் மனசாட்சியை 1923-க்கு அனுப்பி வைத்த மாதிரி இருக்கிறது. பெண் நிருபர்கள் அப்போதும் இருந்தார்கள்தான். அவள் பேசும் வாக்கியங்கள்தான் அந்தக் காலத்தவை இல்லை.

#9 ஆற்றங்கரை

மூன்றாம் வரிசை சொன்னதில் நிருபர் விஷயம் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் இல்லாவிட்டால் செய்தித்தாள் என்ற குற்றவாளி படத்துக்குள் வந்திருக்க மாட்டான். பத்திரிகை ஆசிரியர் (பியேர் தாக்கி) அரசிடமிருந்து வருவதை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறார். குற்றம் எது நடந்தாலும் சோஷலிஸ்டுகளோ கொரியர்களோ செய்திருப்பார்கள் என்ற வால் ஒட்டப்படுகிறது.

இங்கே மொழிபெயர்ப்பில் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. மூலத்தில் கொரியரைக் குறிக்க மூன்று சொல் வருகிறது. 'சோசென்ஜின்' பொதுச்சொல், கொரியர். 'சென்ஜின்' அதன் தலையை வெட்டிய இழிசொல். 'ஃபுதெய் சென்ஜின்' பத்திரிகையும் போலீசும் பழக்கிவிட்ட தொடர், 'அடங்காத கொரியப் பயல்கள்' என்கிற தொனி. மூன்றையும் 'கொரியர்' என்றே போட்டால் யார் எப்போது எந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்பது காணாமல் போகும். என் பரிந்துரை: கொரியர், கொரியப் பயல், கலகக்காரக் கொரியப் பயல்கள். ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். நுமாபேயின் கேள்வியில் வருவது முதல் சொல், இழிசொல் இல்லை. அதனால் இடையினம் தந்த 'கொரியன்னா' சரி. அதை 'கொரியப் பயன்னா' என்று யாராவது 'மெருகேற்றினால்' கெட்டுவிடும். (அரசின்மைவாதிகளான பாக் யோல், கானெகோ ஃபுமிகோ இருவரும் 1922-இல் நடத்திய பத்திரிகைக்கு இந்த வசவையே ஒலி திரித்துப் பெயராக வைத்தார்கள். திட்டினவன் வாயில் திருப்பிப் போட்டது.)

முன்னாள் சிப்பாய்ச் சங்கத் தலைவனாக நடிப்பவர் சுய்தோபாஷி ஹகாசே, நகைச்சுவைக் கலைஞர், 2022-இல் இடதுசாரிச் சாய்வுள்ள கட்சி ஒன்றின் சார்பில் மேலவைக்குத் தேர்வாகி சில மாதத்தில் பதவி விலகியவர். சீருடை, பதக்கம், அடக்கமாட்டாத அழுகை. இந்தப் படத்தில் நடிகர் தேர்வு பற்றிப் பேசினால் இதையும் சொல்லுங்கள்.

#10 கரிசல்

முதல் கேள்வி இன்னும் அந்தரத்தில் இருக்கிறது: புராக்குமினா, தலித்தா?

'புராக்கு' என்பதற்கு வெறும் 'சிற்றூர், குடியிருப்பு' என்றுதான் பொருள். 'ஹிசபெட்சு புராக்கு', பாகுபாட்டுக்கு ஆளான குடியிருப்பு, என்பது சுருங்கி இப்படியானது. நம் 'சேரி'க்கு நடந்தது அப்படியே. சோழர் கல்வெட்டில் பிராமணச் சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு; பிற்பாடு அடைமொழி உதிர்ந்து, சொல்லே ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆகிவிட்டது. இடத்தின் பெயர் மனிதன் மேல் ஒட்டிக்கொண்ட கதை.

பழைய இழிசொல் 'எதா', எழுத்தளவில் 'அழுக்கு மிகுந்தவர்'. இன்னொன்று 'ஹினின்', மனிதர் அல்லாதவர். 1871-இல் அரசாணை ஒன்று இந்தப் பெயர்களை ஒழித்தது. ஒழித்த மறு ஆண்டே எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல ஊர்களில் 'புதுக் குடிமக்கள்' என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடு யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை 1968 வரை இருந்தது. 1975-இல் புராக்கு ஊர்ப்பெயர்ப் பட்டியலைத் தொகுத்து நிறுவனங்களுக்கு விற்றது வெளியே வந்தது, வேலைக்கு வருகிறவனின் முகவரியை அதில் ஒப்பிட்டுப் பார்க்க.

நிறம், மொழி, மதம் எதிலும் வேறுபாடு இல்லை. முகவரி ஒன்றுதான் அடையாளம். இப்போது படகுத்துறைக் காட்சிக்குத் திரும்புங்கள். 'நீ ஜப்பானியன் என்று காட்டு' என்கிறார்கள். காட்ட வேண்டியது வியாபாரச் சீட்டு. அதில் ஊர் இருக்கும். ஊரைச் சொன்னால் கொரியன் இல்லை என்றாகும், ஆனால் அந்தச் சொந்த நாட்டிலும் அவன் யார் என்று தெரிந்துவிடும். உயிர் தப்ப நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

எனவே 'தலித்' என்று மாற்றினால் இந்த முகவரிச் சிக்கல் போய்விடும். இரண்டு சமூகத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2002-இல் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 'பிறப்பின் வழி வரும் பாகுபாடு' பற்றிப் பொதுப் பரிந்துரை வெளியிட்டதன் பின்னால் தலித் அமைப்புகளும் புராக்கு அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை உண்டு. அதை அறிமுக உரையில் சொல்லுங்கள். வசன வரியில் 'புராக்கு' என்றே விடுங்கள், முதல் முறை வரும்போது 'புராக்கு – ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பு' என்று ஒரே ஒரு தடவை. 'எதா' வரும் இடத்தில் மென்மையாக்காதீர்கள், எதா என்றே போடுங்கள். காரணம், அடுத்து வரும் சுய்ஹெய்ஷா (புராக்கு மக்களின் விடுதலை அமைப்பு) பிரகடனம்.

1922 மார்ச் 3, கியோத்தோவில் வாசிக்கப்பட்டது. எதாவாக இருப்பதில் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்கிற வாக்கியம் அதில் இருக்கிறது. முன்னே இழிசொல்லை மழுப்பியிருந்தால் இந்த வாக்கியம் விழுந்துவிடும். முடிவு வரி 'மனித உலகில் வெம்மை உண்டாகட்டும், மனிதருக்கு ஒளி உண்டாகட்டும்'. படத்தில் வியாபாரிகள் இதைச் சேர்ந்து சொல்வார்கள், அங்கே வரிகளைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள்.

மூன்றாம் வரிசைக்காக ஒரு கொசுறு: அதே பிரகடனம் முன்னோர்களை 'ஆண்மை மிக்க உழைப்புத் தியாகிகள்' என்கிறது. விடுதலைப் பிரகடனத்திலும் பெண்கள் வெளியேதான் நின்றார்கள்.

#11 மூன்றாம் வரிசை

அதைத்தான் கரிசல் நானும் சொல்ல வந்தேன். நன்றி, கொசுறாக வைத்ததற்கு.

புராக்கு மக்களைப் படம் புனிதர்களாக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நுமாபே தொழுநோயாளிகளிடம் பயனற்ற மருந்தை விற்கிறான். நம்மைப் போன்றவர்கள் இன்னும் கீழே இருப்பவனிடம் பிடுங்காமல் பிழைக்க முடியாது என்று நியாயமும் சொல்கிறான். பலியாகப் போகிறவனை முதலில் ஏமாற்றுக்காரனாகக் காட்டத் தைரியம் வேண்டும். பிரதிநிதித்துவம் என்றால் நல்லவனாகக் காட்டுவது என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியில் நெளிவார்கள். நெளியட்டும்.

#12 புள்ளிமெய்

தொழில்நுட்பம் யாரும் சொல்லவில்லையே. வசன வரி எழுதும் மென்பொருளில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்ற வரம்பு ஆங்கிலத்துக்கானது. தமிழில் 'கொ' என்பதை அது இரண்டாக எண்ணும், 'ஸ்ரீ' நான்கு. அதனால் சிவப்பு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். கண்ணால் பார்த்து ஒரு வரிக்கு 24 முதல் 28 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் போகாமல், ஒரு வரி குறைந்தது ஒன்றரை நொடி திரையில் நிற்கும்படி வைத்தால் படிக்கலாம். கும்பல் காட்சியில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், எல்லாவற்றையும் எழுத முயன்றால் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். காட்சியை நகர்த்துகிற குரல் எதுவோ அதை மட்டும்.

கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமிக்கவும். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் திரையில் கட்டம் கட்டமாக வரலாம். அரங்கில் டிசிபி (திரையரங்குக்கான டிஜிட்டல் படக்கோப்பு) என்றால் எழுத்துருவை மட்டும் அனுப்பி நம்பாதீர்கள். பல சர்வர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது, 'கொ' என்பது கொம்பு தனி, கால் தனி என்று பிரிந்து நிற்கும். வரிகளைப் படங்களாக, பிஎன்ஜி-யாக, மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் படத்திலேயே பதித்துவிடுங்கள். அரங்கில் ஒரு நாள் முன்னாடி 'கொரியர்' என்ற சொல் வரும் காட்சியை ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்தால் மற்றதும் வரும்.

#13 ஆற்றங்கரை

சபையில் 'அதற்கப்புறம் என்ன ஆயிற்று' என்று கேட்பார்கள். எட்டுப் பேர் மேல் வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர்கள் தைஷோ பேரரசர் இறந்து ஷோவா பட்டமேறியபோது வந்த பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். ஒருவர் பின்னாளில் கிராமத் தலைவரானார். உயிர் பிழைத்த ஆறு பேர் ககாவா திரும்பி, பல பத்தாண்டு இதைப் பற்றி வெளியே பேசவில்லை. பேசினால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் யார் என்று தெரியும், கரிசல் சொன்ன அதே முகவரி. நோதாவில் நினைவுக்கல் வைத்தது 2003-இல்தான்.

இன்னொன்றையும் தயாராக வைத்திருங்கள். ஃபுகுதாவுக்கு முதல் நாள், செப்டம்பர் 5, அதே சிபாவின் கெமிகாவாவில் அகிதா, மியே, ஒகினாவா ஊர்களைச் சேர்ந்த மூன்று பேரைக் கொரியர் என்று சொல்லிக் கொன்றார்கள். தோக்கியோவின் ஓஜிமாவில் நூற்றுக்கணக்கில் சீனத் தொழிலாளர்கள். கமெய்தோ காவல் நிலையத்தில் தொழிற்சங்கத்தினரை இராணுவம் கொன்றது, அவர்களில் ஒருவரான ஹிராசாவா கெய்ஷிச்சி படத்திலும் வருகிறார். 'கொரியர்' என்ற சொல் அந்த வாரத்தில் எவ்வளவு விரிந்து கொடுத்தது என்று பாருங்கள்.

#14 படச்சுருள்

குறித்துக்கொண்டோம் எல்லாவற்றையும். கடைசியாக ஒன்றே ஒன்று. பெயர்கள். மிட்டாய் விற்கும் கொரியப் பெண் கும்பலிடம் மாட்டும்போது தன் பெயரைச் சொல்கிறாள். படத்தின் இறுதியில் பிழைத்த பையன் செத்தவர்களின் பெயர்களைச் சொல்கிறான். வசன வரியில் இவற்றை எழுதணுமா? பெயர்தானே, காதில் விழுகிறதே என்கிறார் ஒருவர்.

#15 கரிசல்

எழுதுங்கள். 'கொரியரை மறைப்பதாகாதா' என்ற கேள்விக்கு அதுதான் பதில். கொரியர்களுக்குப் படத்தில் திரைநேரம் குறைவு, அது உண்மை, அதைப் பூசி மெழுக வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் '15 யென் 50 சென்' சொல்லச் சொல்கிறார்கள், அவள் அதைச் சொல்லாமல் தன் பெயரைச் சொல்கிறாள். அவள் நுமாபேவுக்குக் கொடுத்த கொரிய விசிறிதான் பிறகு அவனுக்கு எதிராகச் சாட்சியாகிறது. இரண்டு கதையையும் கட்டியிருக்கும் நூல் அவள்.

#16 இடையினம்

அவள் பெயரைக் கொரிய ஒலிப்பில் எழுதுங்கள். இந்திய விழாப் பிரதிகளில் வரும் ஆங்கில வரியிலிருந்து பெயர்க்காமல், காதால் கேட்டு எழுதுங்கள். சொல் முதலில் அதிர்வொலி இல்லாத மொழி, தமிழ் எழுத்து அதற்கு அச்சாகப் பொருந்தும். கிரந்தம்கூடத் தேவைப்படாது பெரும்பாலும். அந்த வரிக்கு அடைப்புக்குறி, சாய்வெழுத்து எதுவும் வேண்டாம்.

பையன் சொல்லும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வரி. இரண்டு பெயரை ஒரு சட்டத்தில் போடாதீர்கள். ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அவன் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், பிறக்காத குழந்தைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அவன் மூச்சு விடும் இடைவெளியில் முந்தைய வரியை எடுத்துவிட்டுத் திரையைக் காலியாக விடுங்கள்.

#17 புள்ளிமெய்

காலியாக விட நான்கு ஃப்ரேம் போதாது, கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு வையுங்கள்.